லிம்போமா போன பிறகும் போகாத களைப்பு

லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலிருந்து மீண்டு பல வருடம் ஆனவர் "இன்னும் அசதியா இருக்கு" என்றால், தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம் வீடுகளில் "நோய்தான் போயிடுச்சே, அப்புறம் என்ன?" என்று கேட்டுவிடுகிறோம். பாசத்தில் கேட்பதுதான். ஆனால் அது அவரை வாயடைக்க வைத்துவிடுகிறது.

இந்தக் களைப்பு சோம்பல் இல்லை. ஹாட்ஜ்கின் என்ற வகை லிம்போமாவிலிருந்து மீண்டவர்களை வைத்து நார்வேயில் நடந்த ஆய்வு ஒன்று 1999-இல் வெளியானது. சிகிச்சை முடிந்து பல வருடம் கழித்தும் சுமார் நாலில் ஒருவருக்கு நாள்பட்ட களைப்பு இருந்தது. பொதுமக்களில் அது பத்தில் ஒருவருக்குத்தான்.

காய்ச்சல் வந்தால் ஏன் படுக்கத் தோன்றுகிறது? நோயெதிர்ப்புச் செல்கள் சைட்டோகைன் என்ற வேதிப்பொருள்களைச் சுரந்து, மூளையை ஓய்வெடுக்கச் சொல்கின்றன. மீண்டவர்கள் சிலரிடம் இந்த நோயெதிர்ப்புத் தூண்டல் (அழற்சி) முழுவதும் அடங்காமல் இருப்பதும் ஒரு காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். தூங்கி எழுந்தாலும் தெளியாதது இந்தக் களைப்பின் குணம்.

கண்டுபிடித்துச் சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு. அவற்றைத் தவறவிடுவதுதான் எனக்கு வருத்தம். கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவருக்குப் பல வருடம் கழித்துக்கூட தைராய்டு மந்தமாகலாம்: குளிர் தாங்காது, மலச்சிக்கல், உடம்பு கனக்கும். டிஎஸ்எச் என்ற ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தினம் ஒரு மாத்திரை போதும். லிம்போமா சிகிச்சையில் கொடுக்கும், சிறுநீரையே சிவப்பாக்கும் அந்த டாக்சோரூபிசின் மருந்து, நாளடைவில் இதயத்தைப் பலவீனமாக்கலாம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கணுக்கால் வீங்குகிறது என்றால் முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டும். ப்ளியோமைசின் என்ற இன்னொரு சிகிச்சை மருந்து நுரையீரலைத் தாக்கக்கூடும். ரத்தசோகை, தூக்கக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால், நடைதான் நல்ல மருந்து. படுத்தே இருந்தால் தசை மெலியும், களைப்பு இன்னும் கூடும். டர்பன் புழுக்கத்தில் விடியற்காலையில் பத்து நிமிடம் நடந்து, மெல்ல மெல்லக் கூட்டலாம். தெம்பாக இருக்கிற அன்றைக்கே எல்லாவற்றையும் செய்து முடிப்பதுதான் ஆபத்து. தைப்பூசக் காவடிக்கு முதல் நாள் முழுக்க அடுப்படியில் நின்ற அக்கா, மறுநாள் கோயிலுக்கே போக முடியாமல் படுத்துவிடுவார். உட்கார்ந்து காய் நறுக்குவதை அவரிடம் விட்டுவிட்டு, பெரிய பானையை மற்றவர்கள் தூக்கட்டும்.

மருத்துவரிடம் போகும்போது பழைய சிகிச்சைத் தாள்களையும் எடுத்துப் போங்கள். எந்த மருந்து, எவ்வளவு, கதிர்வீச்சு எந்த இடத்தில் என்பது தெரிந்தால்தான் எதைப் பரிசோதிப்பது என்று அவர் முடிவெடுக்க முடியும்.