ஆபரேஷன் செய்தால் வாந்தி வரத்தானே செய்யும் என்று இருந்துவிடாதீர்கள்

இந்த வாரமும் ஒருவரைத் தாங்கிப் பிடித்துத்தான் கூட்டி வந்தார்கள். எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர். வாரக்கணக்கில் தினமும் வாந்தி. "ஆபரேஷன் பண்ணினா அப்படித்தான் இருக்கும், எடையும் நல்லா இறங்குதே" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். எதிரில் இருப்பது இரண்டிரண்டாகத் தெரிகிறது, நடை தள்ளாடுகிறது என்றானபிறகுதான் பயம் வந்திருக்கிறது.

அப்படித்தான் இருக்கும் என்று யார் சொன்னது? முதல் சில நாள் குமட்டும், சரி. அவசரமாக விழுங்கினால் எப்போதாவது எதிர்க்களிக்கும், அதுவும் சரி. தினமும் வாந்தி வருவது சரியில்லை. உள்ளே பாதை குறுகியிருக்கலாம். அந்த வாந்தியில் குறையும் எடை நீங்கள் விரும்பிய எடைக்குறைப்பே அல்ல. தண்ணீரும் தசையும்தான் போகிறது. கூடவே பி1 வைட்டமினும் போகிறது. உடம்பில் அதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். அது தீர்ந்தால் மூளை பாதிக்கும். தாமதமானால் ஞாபகமறதி நிரந்தரமாகவே தங்கிவிடலாம். தினமும் வாந்தி எடுப்பவருக்கு மாத்திரை எப்படி ஒட்டும்? ஊசிதான் வேண்டும்.

எந்த மருத்துவமனைக்குப் போனாலும் என்ன ஆபரேஷன் என்பதை முதலில் சொல்லுங்கள். டியூட்டியில் இருக்கும் இளம் மருத்துவர்களுக்கும் சொல்கிறேன்: பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றிவிடாதீர்கள், பாதிப்பு முற்றிவிடும்.

தண்ணீரை மருந்துக் கிண்ணத்தில் 30 மில்லி 30 மில்லியாகத் திரும்பத் திரும்ப ஊற்றி, வாய்வாயாக, நாள் முழுக்கக் குடியுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர். சிறுநீர் அடர்ந்த நிறத்தில் கொஞ்சமாகப் போனால் நீர் பற்றவில்லை. வீட்டுக்குள்ளேயாவது நடங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பழைய அளவிலேயே தொடராதீர்கள், உங்கள் டாக்டரைக் கேளுங்கள். ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடவே கூடாது, வயிற்றுக்குள் புண் வரும். மூன்றாவது மாதத்துக்குமேல் முடி கொட்டினால் பதற வேண்டாம், பெரும்பாலும் திரும்ப முளைக்கும். புரதமும் வைட்டமினும் மட்டும் விடாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். காய்ச்சல் இல்லாவிட்டாலும் நாடி நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டி ஓடினால், வயிற்று வலியோ இடது தோள் வலியோ கூடினால், மூச்சு வாங்கினால், ஒரு கால் மட்டும் வீங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த ராத்திரியே கூட்டி வாருங்கள்.