அம்மாவை உட்கார வைக்காதீர்கள்

பிசியோதெரபிஸ்டாக, என்னிடம் வரும் வயதானவர்களின் எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன், அவர்கள் நாற்காலியிலிருந்து எழுவதைத்தான் பார்ப்பேன். போன வருடம் வந்த ஓர் அம்மாவுக்கு 74 வயது. பெயரைக் கூப்பிட்டதும் இரண்டு கைகளையும் கைப்பிடியில் ஊன்றினார். விரல் முட்டிகள் வெளுக்க அழுத்தி, பாதி எழுந்து, தொப்பென்று மறுபடி உட்கார்ந்துவிட்டார். மகன் ஓடிவந்து கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்.

"ஒரு வேலையும் செய்ய விடுறதில்ல சார், தண்ணிகூட நாங்கதான் எடுத்துக் கொடுக்கிறோம்" என்றார் மகன். பாசத்தில் குறையே இல்லை. ஆனால் அந்தப் பாசம்தான் அம்மாவின் தொடையைக் கரைத்துக்கொண்டிருந்தது. நடுத்தர வயதிலேயே தசை குறையத் தொடங்கிவிடுகிறது. அறுபதுக்கு மேல் வேகம் கூடும். வேலை கொடுக்காத தசை இன்னும் சீக்கிரம் போகும். அப்புறம் ஒருநாள் பாத்ரூமில் தடுமாறி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து வருவார்கள். அதைத்தான் நான் பயப்படுகிறேன்.

"இந்த வயசில் இனிமேல் எங்கே வலு வரப்போகுது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்வேன். பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையிலான 10 பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடிவு 1990இல் வெளியானது. கடைசிவரை செய்த 9 பேரின் கால் வலு, சராசரியாக இரண்டரை மடங்குக்கும் மேலாகியிருந்தது.

அந்த அம்மாவுக்கு முட்டியில் தேய்மானம் இருந்தது. இந்த 'தேய்மானம்' என்ற சொல்லே பலரை முடக்கிவிடுகிறது. நடந்தால் இன்னும் தேய்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். மூட்டு வண்டி டயர் அல்ல. தொடைத் தசை வலுவானால் பெரும்பாலும் வலி குறையும்.

தினமும் வாக்கிங் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், தூக்கம் எல்லாவற்றுக்கும் நடை நல்லது. ஆனால் அது மட்டும் போதாது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது: வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, மூன்று நாளாவது சமநிலைக்கான பயிற்சி.

இதற்கு ஜிம் தேவையில்லை. கைப்பிடி உள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாதத்தைச் சற்று உள்ளே இழுத்து, முன்னால் சாய்ந்து எழுந்து, மெதுவாக உட்காருங்கள். முடியாவிட்டால் கெட்டியான தலையணை ஒன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். முதலில் ஐந்து முறை போதும். மூச்சை அடக்க வேண்டாம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கலாம். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் செய்யக் கூடாது. நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

மூன்றாவது மாதம் அந்த அம்மா மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டு ஆறு முறை எழுந்து உட்கார்ந்தார். ஏழாவது முறை கொஞ்சம் திணறியதும் மகன் பதறிக் கை நீட்டினார்.

"விடுப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து நின்றார்.