ஸ்டாண்ட்பை நாளில் பைலட் என்ன செய்கிறார்?

போன பொங்கலுக்குக் கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்திருந்தேன். ரெட்டிச்சாவடியிலிருந்து ஒருவர் தேடி வந்தார். மகன் ஒன்றரை வருடமாகச் சென்னையில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி. பயிற்சிக்கு வாங்கிய கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. காபியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தயங்கிவிட்டுத்தான் கேட்டார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. மாசத்துல பல நாளு ரூம்லயே இருக்கேங்கறான். கேட்டா ஸ்டாண்ட்பையாம். கம்பெனில ஆளு அதிகமாயிடுச்சா? வேலைய விட்டு அனுப்பிடுவாங்களா?"

நான் விமானி வேலையில் சேர்ந்த புதிதில் என் அம்மாவும் இதையேதான் கேட்டார். கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்து இப்போது நிறைய பிள்ளைகள் இந்த வேலைக்கு வருகிறார்கள். அவர்களுக்காகவும் அவர்கள் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

விமானிக்கு வரும் ரோஸ்டரில், அதாவது பணி அட்டவணையில், பறக்கும் நாள், ஓய்வு நாள் இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்று உண்டு. அதுதான் ஸ்டாண்ட்பை. குறிப்பிட்ட மணியிலிருந்து குறிப்பிட்ட மணி வரை ஃபோன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அழைத்தால் சொன்ன நேரத்துக்குள் சீருடையோடு விமான நிலையத்தில் நிற்க வேண்டும். எத்தனை நிமிடம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நான் சேர்ந்த இடத்தில் 90 நிமிடம். சில நாள் விமான நிலையத்திலேயே உட்காரவைப்பார்கள். அது வேறு கணக்கு, உட்கார்ந்த நேரத்திலிருந்தே பணி ஓடத் தொடங்கிவிடும்.

எதற்கு இப்படி ஆள் வைக்கிறார்கள்? ஜனவரியில் டெல்லியில் மூடுபனி. சென்னையிலிருந்து போன விமானம் இறங்க முடியாமல் ஜெய்ப்பூருக்குத் திருப்பிவிடப்படுகிறது. அங்கே மூன்று மணி நேரம் நிற்கிறது. அதற்குள் அந்த இரண்டு விமானிகளுக்கும் சட்டம் அனுமதிக்கும் பணி நேரம் தீர்ந்துவிடுகிறது. விமானம் நன்றாக இருக்கிறது, பயணிகள் காத்திருக்கிறார்கள், ஆனால் அவர்கள் ஓட்டக் கூடாது. மாலையில் அதே ஜோடி ஓட்டவேண்டிய மதுரை விமானத்துக்கும் ஆள் இல்லை. அப்போதுதான் விமானிகளைப் பணிக்கு அனுப்பும் பிரிவான க்ரூ கன்ட்ரோலிலிருந்து பல்லாவரத்து ரூமில் இருக்கும் பையனுக்கு ஃபோன் போகும். அதிலும் கண்ணை மூடிக்கொண்டு யாரையும் அனுப்பிவிட முடியாது. கேப்டனும் புதியவர், துணை விமானியும் புதியவர் என்றால் அந்த ஜோடியை அனுப்ப விதி இடம் கொடுக்காது. புதுப் பையன் இரண்டு நாள் சும்மா காத்திருந்துவிட்டு மூன்றாம் நாள் விடியுமுன் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் இந்த முறை இன்னும் வெளிப்படையானது. ஒவ்வொரு மாதமும் விமானிகள் தங்களுக்கு வேண்டிய பயணங்களைக் கேட்டு எழுதிப்போடுவார்கள். பணிமூப்பு வரிசைப்படி பிரித்துக் கொடுப்பார்கள். மூத்தவர்கள் எடுத்ததுபோக, வரிசையின் அடியில் இருப்பவர்களுக்கு ரிசர்வ்தான், அதாவது அங்கத்து ஸ்டாண்ட்பைதான், மிஞ்சும். யாராவது ஓய்வுபெற்று, கீழே புதிதாக ஆள் சேரச் சேரத்தான் இவர்கள் மேலே நகர்வார்கள். நம் ஊரில் பெரும்பாலும் கம்பெனியே கணினியில் ரோஸ்டர் போட்டுக் கொடுத்துவிடுகிறது. எப்படியானாலும் ஸ்டாண்ட்பை வருகிறது என்றால் ஆள் வேண்டாதவர் ஆகிவிட்டார் என்று அர்த்தமில்லை. ரெட்டிச்சாவடிக்காரரிடம் இதை முதலில் சொன்னேன். அப்புறம்தான் அவர் காபியைக் குடித்தார்.

வேலை போய்விடுமோ என்று அவர் பயந்தார். என் கவலை வேறு, தூக்கத்தைப் பற்றியது.

விமானம் ஏறுமுன் எங்களை மூச்சுக் கருவியில் ஊதச் சொல்வார்கள். துளி மது தெரிந்தாலும் முதல் தடவையே மூன்று மாதம் லைசென்ஸ் நிறுத்தம். மவுத்வாஷ்கூட ஆகாது. ஆனால் தூங்காமல் வந்தவனைக் கண்டுபிடிக்க அப்படி ஒரு கருவி கிடையாது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்கு வரம்பே 0.03 சதவீதம்தான்.

காலை 4 மணிக்கு எழுந்து ஸ்டாண்ட்பையில் உட்கார்ந்தவரைப் பகல் 1 மணிக்குக் கூப்பிட்டு, 3 மணிக்கு வரச் சொல்லி, ராத்திரி 12 வரை ஓட்டவைத்தால் என்ன ஆகும்? பணி நேரம் ஒன்பது மணிதான். ஆனால் அவர் விழித்து இருபது மணி நேரம் ஆகியிருக்கும். இதை உணர்ந்துதான் அமெரிக்க விதி, அழைத்தால் சீக்கிரம் வந்து நிற்கவேண்டிய ரிசர்வில் காத்திருப்பு தொடங்கியதிலிருந்தே கணக்கை ஓட்டுகிறது. காத்திருப்பு 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. காத்திருப்பும் பணியும் சேர்ந்து அதிகபட்சம் 16 மணி நேரம். 4 மணிக்குத் தொடங்கியவர் இரவு 8-க்குள் முடித்தாக வேண்டும். ஐரோப்பாவில் ஸ்டாண்ட்பையும் பணியும் சேர்ந்து ஒருவரை 18 மணி நேரத்துக்கு மேல் விழித்திருக்க வைக்கக் கூடாது என்பது விதி.

அந்த அமெரிக்க விதிகள் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. பின்னணியில் 2009 பிப்ரவரி 12-ல் பஃபலோ அருகே 50 பேர் இறந்த விபத்து இருக்கிறது. விமானத்தைக் கையாண்டதில் நடந்த தவறுதான் நேரடிக் காரணம். ஆனால் அந்தத் துணை விமானி முந்தின இரவு முழுக்க, நாட்டின் மேற்குக் கோடியான சியாட்டிலிலிருந்து கிழக்குக் கரைக்கு வேறு விமானங்களில் தொற்றி வந்திருந்தார். வீடு ஓரிடம், பணித்தளம் வேறிடம்.

கடலூர்ப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். புதுச்சேரி விமான நிலையமான லாஸ்பேட்டையில் ஓடுபாதை ஏறத்தாழ 1,500 மீட்டர், ஏ.டி.ஆர். போன்ற சின்ன விமானத்துக்குத்தான் போதும். ஏர்பஸ், போயிங் ஓட்டுபவர் சென்னைக்குத்தான் போகவேண்டும். கடலூரிலிருந்து 180 கிலோமீட்டர்.

நானே அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். சேர்ந்த முதல் வருடம். திருப்பாதிரிப்புலியூரில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. மறுநாள் காலை 5 மணிக்கு எனக்கு ஸ்டாண்ட்பை. விருந்து முடிந்து ராத்திரி பஸ் பிடித்து ரூமுக்குப் போய்ப் படுக்கும்போது மணி இரண்டு. ஐந்தே காலுக்கு ஃபோன். வரேன் சார் என்றேன். மூன்றாவது செக்டாரில், அதாவது அன்றைய மூன்றாவது பயணத்தில், இறங்கும்போது, ஏழாயிரம் அடிக்கு வரச் சொன்னார்கள். ஏழாயிரம் என்று நானே வாயால் திருப்பிச் சொன்னேன். கை உயரம் வைக்கும் குமிழில் ஐந்தாயிரத்தைத் திருகி வைத்தது. கேப்டன் அந்தச் சின்ன ஜன்னலில் தெரிந்த எண்மேல் விரலை வைத்து, "தம்பி, ஏழாயிரமா, அஞ்சாயிரமா?" என்றார். உடனே திருத்தினோம். அவ்வளவுதான் நடந்தது. இறங்கிய பிறகு அவர் திட்டவில்லை. "நேத்து எத்தன மணிக்குப் படுத்த?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "ஃபோன் வந்தப்பவே தூங்கலன்னு சொல்லியிருக்கணும்பா" என்றார்.

சொல்லலாம் என்பது மட்டுமில்லை, சொல்லியாக வேண்டும். களைப்பு இருப்பது தெரிந்தும் விமானி பணியில் ஏறக் கூடாது என்று நம் நாட்டு விமானத் துறையின் கட்டுப்பாட்டு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதியே சொல்கிறது. ஆனால் கடனோடு இருக்கும் இருபத்து மூன்று வயசுப் பையனுக்கு அது எளிதில்லை, எனக்கும் தெரியும். அதனால்தான் அந்த நிலைமைக்கே போகாதீர்கள் என்கிறேன். 2010 மே 22 மங்களூரு விபத்தில் 158 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கையை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். பயணத்துக்கு முன் போதிய ஓய்வு நேரம் கிடைத்திருந்தும் கேப்டன் பயணத்தின்போது நெடுநேரம் தூங்கினார், விழித்த பிறகும் அந்த மந்தம் நீடித்திருக்கக்கூடும் என்று அதில் இருக்கிறது. ரோஸ்டரில் ஓய்வு என்று எழுதியிருப்பது வேறு, உடம்பு தூங்கியிருப்பது வேறு.

புதிய இந்திய விதிகள் வாராந்திர ஓய்வை 36-லிருந்து 48 மணி நேரமாக்கியிருக்கின்றன. நல்ல மாற்றம். ஆனால் அந்த 48 மணி நேரத்தில் கடலூர் வந்து, இரண்டு கல்யாணம் பார்த்து, கடைசி பஸ்ஸில் திரும்பினால் பலன் என்ன? ஸ்டாண்ட்பைக்கு முந்தின நாள் மாலையே சென்னையில் இருங்கள். ஃபெங்கல் புயலை நினைத்துப் பாருங்கள். 2024 நவம்பர் 30-ல் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். மறுநாள் திறந்தபோது ஸ்டாண்ட்பையில் இருந்த ஒவ்வொருவரும் தேவைப்பட்டார்கள். அடுத்த நாட்களில் இங்கே தென்பெண்ணையில் வெள்ளம், விழுப்புரம் பக்கம் நெடுஞ்சாலையிலேயே தண்ணீர். ஊருக்கு வந்தவர் திரும்ப வழியில்லை.

மாலை ஸ்டாண்ட்பை என்றால் மதியம் அறையை இருட்டாக்கிப் படுங்கள். ரூமில் நாலு பேர் என்றால் நாலு ரோஸ்டரையும் கதவில் ஒட்டுங்கள், ஒருவர் அலாரம் மற்றவரை எழுப்பாது. சளிக்கு வீட்டில் கொடுத்தனுப்பும் மாத்திரை, டானிக், ஹோமியோபதி சொட்டு எதையும் கம்பெனி டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். சில மாத்திரை தூக்கம் வரவைக்கும், சில சொட்டு மருந்தில் ஆல்கஹால் இருக்கும். உங்கள் கம்பெனி ஆபரேஷன்ஸ் மேனுவலில் ஸ்டாண்ட்பை பற்றிய பகுதியை ஒரு தடவையாவது முழுசாகப் படியுங்கள். காத்திருந்த நேரத்தில் எவ்வளவு பணியாகக் கணக்காகும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டாருக்கு ஒன்றே ஒன்று. ரெட்டிச்சாவடிக்காரர் தினமும் பகல் பதினோரு மணிக்கு மகனுக்கு ஃபோன் போட்டு, சாப்பிட்டியா என்று கேட்பாராம். ராத்திரி ஸ்டாண்ட்பைக்காகப் பையன் தூங்குகிற நேரம் அது. ஸ்டாண்ட்பை என்பதால் ஃபோனை அணைத்து வைக்கவும் பழகவில்லை. மணி அடித்தால் க்ரூ கன்ட்ரோல் என்று பதறி எழுந்துவிடுவான். இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ரோஸ்டர எனக்கும் வாட்சாப்புல அனுப்பச் சொல்றேன் சார், பாத்துட்டே போடறேன்" என்றார்.