டவர் கிடைக்காத போனுக்குப் பில் கட்டுகிறவர்களுக்கு

நாகர்கோவிலில் நுகர்வோர் வழக்குகள் நடத்தும் என்னிடம் செல்போன் பில் பாக்கி என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் மலையோரத்துக்காரர்கள். குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம். கையில் ஒரு வக்கீல் நோட்டீஸ் இருக்கும், அல்லது மக்கள் நீதிமன்றத்துக்கு வரச்சொல்லும் அழைப்பு இருக்கும். தொகை ஆயிரமோ இரண்டாயிரமோதான். ஆனால் கோர்ட் என்ற சொல்லைப் பார்த்ததுமே வீடு கலங்கிப் போயிருக்கும். விசாரித்தால் நடந்தது ஏறக்குறைய ஒன்றுதான். போஸ்ட்பெய்ட் இணைப்பு எடுத்தார்கள். வீட்டில் டவர் கிடைக்கவில்லை. சிம் விற்ற கடையில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்கள். பிறகு கோபத்தில் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு வேறு நிறுவனத்தின் சிம் வாங்கிவிட்டார்கள். பில்லை அப்படியே விட்டுவிட்டார்கள்.

“சாரே, டவர் கிடைக்காத போனுக்கு நான் எதற்குப் பணம் கட்ட வேண்டும்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதை அவர்கள் நிறுவனத்திடம் பதிவாகும்படி கேட்கவில்லை. கடைக்காரரிடம் வாய்மொழியாகச் சொன்னது எந்தக் கணக்கிலும் ஏறாது. நிறுவனத்தின் பார்வையில் அவர் சிக்னல் இல்லாமல் தவித்த வாடிக்கையாளர் அல்ல, பணம் கட்டாமல் போனவர். புகாரை முதலில் பதிவு செய்யுங்கள், அதன்பின் வெளியேறுங்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தத் தொல்லை அதிகமாக இருப்பதற்கு நில அமைப்பு ஒரு காரணம். சாலையோரத்தில் நல்ல சிக்னல் இருக்கும். ஒரு பாறைக்குன்று தாண்டிய பள்ளத்து வீட்டில் ஒரு கோடுகூட வராது. ரப்பர் தோட்டத்து இலைக்கூட்டமும் ரேடியோ அலைகளைக் குறைக்கும். மழையில் இலை நனைந்தால் இன்னும் மோசம். ரப்பர் இலை உதிர்ந்து நிற்கும் தை, மாசியில் சிக்னல் நன்றாக இருக்கிறதே என்று இணைப்பு எடுத்தவர்கள் ஆனி மழையில் அவதிப்படுவதைப் பார்க்கிறேன். களியக்காவிளைப் பக்கம் சிக்கல் வேறு. அங்கே போன் கேரளத்து டவருக்கும் நம் டவருக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும்.

புகார் செய்ய நிறுவனத்தின் 198 எண் உண்டு. செயலியிலும் மின்னஞ்சலிலும் செய்யலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் எண், அதாவது புகார்ப் பதிவு எண், தந்தாக வேண்டும். அந்த எண்தான் உங்கள் உயிர்நாடி. குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். தீர்வு வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் இல்லை. அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பலருக்கும் இப்படி ஒரு படி இருப்பதே தெரியாது. வாடிக்கையாளர் சேவையில் பேசியவரோடு சண்டை போட்டுவிட்டு நின்றுவிடுகிறார்கள்.

புகாரில் ‘சிக்னல் சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் ‘பரிசோதித்தோம், நெட்வொர்க் நன்றாக உள்ளது’ என்று பதில் வரும். திற்பரப்புக்கு மேலே ரப்பர் தோட்டத்து நடுவில் வசிக்கும் ஒரு பெண்மணி செய்ததைச் சொல்கிறேன். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். அவரோடு பேச, புரையிடத்தின் (வீட்டைச் சுற்றிய தோட்டத்தின்) மேல்தட்டில் நிற்கும் அயனி மரத்தடிக்கு இரவிலும் ஏறிப் போக வேண்டியிருந்தது. ரப்பர் ஷீட்டின் எடை குறிக்கும் நோட்டின் பின்பக்கத்தில் அவர் கோடு போட்டு எழுதியிருந்தார்: தேதி, நேரம், அடுக்களை, முன்னறை, மரத்தடி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் ‘போனைப் பற்றி’ என்ற பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் வலிமை டிபிஎம் அளவில் தெரியும். 4ஜியில் மைனஸ் 85 அளவில் இருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 110-ஐத் தாண்டி 120-ஐ நெருங்கினால் பேச்சு அறுந்து அறுந்து வரும், அல்லது வரவே வராது. அடுக்களைக்கு எதிரே அவர் எழுதியிருந்தவை மைனஸ் 118, 119, ‘இல்லை’. கூடவே போன் திரையின் ஸ்கிரீன்ஷாட்களும் வைத்திருந்தார். மேல்முறையீட்டு மனுவோடு அந்தப் பக்கங்களின் நகலை இணைத்தோம். ஆறு மாதத்துக்குள் வெளியேறினால் கட்ட வேண்டும் என்று அவரிடம் கேட்ட தொகையை நிறுவனம் கைவிட்டது. என் வாதத்தைவிட அந்த நோட்டுதான் பேசியது.

இன்னொரு சான்று நிறுவனமே தருவது. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த டிராயின் சேவைத் தர விதிமுறைகளின்படி, 2ஜி, 4ஜி, 5ஜி எங்கெங்கே கிடைக்கும் என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். இணைப்பு எடுக்கும் அன்றே உங்கள் வீடு இருக்கும் இடத்தை அதில் பார்த்து, படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் சிக்னல் உண்டு, வீட்டில் இல்லை என்றால் அதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் போர்ட் வசதி 2011 ஜனவரி முதல் நாடெங்கும் இருக்கிறது. 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும். அது நான்கு நாள் செல்லும். ஆனால் வெளியான பில்லில் பாக்கி இருந்தாலும், ஒப்பந்தத்தில் வெளியேறும் நிபந்தனை ஏதேனும் நிறைவேறாமல் இருந்தாலும், இணைப்பு எடுத்து 90 நாள் ஆகாவிட்டாலும் குறியீடு கிடைக்காது. எனவே பில்லைக் கட்டிவிடுங்கள். ‘சேவைக் குறைபாடு குறித்த என் புகார் நிலுவையில் உள்ளது, ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்’ என்று ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். பணம் கட்டியதால் உங்கள் உரிமை போய்விடாது. போர்ட் ஆன பிறகு பழைய நிறுவனத்திலிருந்து ஒரு கடைசி பில் வரும். அதைக் கட்டாமல் விட்டால், புதிய நிறுவனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எண்ணே துண்டிக்கப்படலாம். வங்கி, ஆதார், எரிவாயு எல்லாம் அந்த ஒரே எண்ணில் இருக்கும் வீட்டில் இது எவ்வளவு பெரிய இடி என்று யோசித்துப் பாருங்கள்.

போகும் நிறுவனத்தின் புது சிம் ஒன்றைக் குறைந்த ரீசார்ஜில் வாங்கி, சில நாள் வீட்டுக்குள் வைத்துப் பார்த்துவிட்டு மாறுங்கள். மாறிய இடமும் மோசம் என்றால் அடுத்த 90 நாள் அங்கேதான்.

போஸ்ட்பெய்டைவிட நம்மூரில் இப்போது பரவலான பொறி, ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்டும் பிரீபெய்ட் ரீசார்ஜ். மாதக்கணக்கில் பார்த்தால் மலிவுதான். ஆனால் இரண்டாம் மாதமே போர்ட் செய்தால் மீதிப் பத்து மாதமும் போயிற்று. பழைய நிறுவனத்தின் இருப்பு புதியதற்கு வராது. சிக்னலைச் சோதித்துப் பார்க்காத வீட்டில் 365 நாள் திட்டத்தை எடுக்காதீர்கள்.

2017 நவம்பர் 30-இல் ஒக்கி அடித்தபோது மாவட்டத்தில் போன்கள் செத்துக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மாவட்ட அளவில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் பெரிய அளவில் முடங்கினால், அந்த நாள்களுக்கான போஸ்ட்பெய்ட் வாடகையைக் கழிக்கவும் பிரீபெய்ட் காலத்தை நீட்டிக்கவும் அதே 2024 விதிமுறை வகை செய்கிறது. ஆனால் ஒக்கி போன்ற இயற்கைப் பேரிடரால் வரும் முடக்கத்துக்கு விலக்கு உண்டு; ஒரு வீட்டுக்கு மட்டும் சிக்னல் இல்லாத நிலைக்கும் இது பொருந்தாது.

மேல்முறையீட்டிலும் நியாயம் கிடைக்காவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசி வழக்கு நுகர்வோர் மன்றத்தில் செல்லாது என்று 2009-இல் ஒரு தீர்ப்பு வந்து பல மனுக்களை முடக்கியது. 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தைக் காட்டித்தான் அந்தத் தடை. 2022 பிப்ரவரி 16-இல் வோடபோன் ஐடியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை விலக்கி, செல்போன் வாடிக்கையாளர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்றும் சில நிறுவனங்கள் பழைய தீர்ப்பைக் காட்டி மிரட்டுவதுண்டு, பின்வாங்காதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

நோட்டீஸ் ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கு: மக்கள் நீதிமன்ற அழைப்பு என்பது கைது வாரண்ட் அல்ல. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் அங்கே சமரசம், பிடிக்காவிட்டால் மறுக்கலாம். ஆனாலும் குறித்த நாளில் போங்கள். டாக்கெட் எண் இருந்தால் அதையும், இல்லாவிட்டால் கடைசியாக அந்த எண்ணில் எப்போது பேசினீர்கள் என்பதைக் காட்டும் பில்லையும் கொண்டு போங்கள்; பயன்படுத்தாத மாதங்களுக்கான வாடகையைத் தள்ளுபடி செய்யும்படி கேளுங்கள். பெண்களுக்கும், காணி மக்கள் உள்ளிட்ட பழங்குடியினருக்கும், பட்டியல் சாதியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்குரைஞர் கிடைப்பார். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும்.