அகுமா: ஏவலுக்கு நிற்கும் அலகை

ஜப்பானிய அனிமேஷன் தொடர்களான அனிமேக்களில் 'டீமன்' என்று சப்டைட்டில் வரும்போது ஜப்பானிய மொழியில் எப்போதும் ஒரே சொல் ஒலிப்பதில்லை. 'பிளாக் பட்லர்' செபாஸ்டியன் ஓர் அகுமா. 'டீமன் ஸ்லேயர்' முஸானும் அவன் கூட்டமும் ஓனிகள்.

அகுமாவில் 'அகு' என்றால் தீமை. 'மா' நமக்கும் பழக்கமான பெயர்தான். பௌத்த நூல்களில் வரும் மாரனை ஒலிபெயர்க்கச் சீனர்கள் உருவாக்கிய எழுத்து, அப்படியே ஜப்பானுக்குப் போனது. மாரன் என்றால் சாகடிப்பவன். மரணம் என்ற சொல்லுக்கும் அதே வடமொழி வேர். புத்தரின் தவத்தைக் கலைக்க ஆசை காட்டியவன் அவன். மணிமேகலை புத்தரை 'மாரனை வெல்லும் வீர' என்று போற்றுகிறது.

செபாஸ்டியனும் ஆசையைப் பிடித்துத்தான் உள்ளே வருகிறான். அவனுடைய எஜமானனான சிறுவன் சீயெல் பழிவாங்கி முடிக்கும்வரை, சீயெல் ஏவியதையெல்லாம் செய்வான். அப்புறம் சீயெலின் ஆன்மா அவனுக்கு. தேநீர் ஊற்றும்போதும் அவன் கைதான் ஓங்கியிருக்கிறது. 'அகுமதே ஷித்சுஜி தெசு கரா' என்பது அவனுடைய பேர்போன வசனம். 'நான் வெறும் பட்லர்தானே' என்றும் கேட்கும், 'அகுமாவாகிய பட்லர்' என்றும் கேட்கும். 'அகுமதே' என்பதற்குக் 'கடைசிவரை' என்ற பொருளும் உண்டு. ஒப்பந்தம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது!

ஓனி வேறு. கொம்பும் இரும்புத் தடியுமாக நாட்டார் கதைகளில் வரும் உருவம். முஸானின் ஓனிகளோ மனிதர்களாக இருந்து, அவன் இரத்தத்தால் மாறியவர்கள். இரத்தம் கூடினால் வலிமையும் கூடும். ஆனால் பக்கத்தில் இருந்தால் அவர்கள் மனதை அவன் படித்துவிடுவான். அவன் பெயரைச் சொன்னாலே சாபம் கொன்றுவிடும். அதிலிருந்து தப்பிய தமாயோ போன்ற ஓனிகள் மிகச் சிலர்.

தமிழில் ஓனிக்கு அரக்கன் போதும். அகுமாவுக்கு 'அசுரன்' என்று போடுவது சரியில்லை. ஜப்பானியத்தில் அஷுரா என்று அது தனியாகவே இருக்கிறது. 'மாரன்' என்றால் நமக்கு மன்மதன். எனவே பேயைக் குறிக்கும் 'அலகை'தான் சரி. 'வையத்து அலகையா வைக்கப் படும்' என்கிறது 850ஆம் குறள். கத்தோலிக்கத் தமிழ் விவிலியத்திலும் அந்தச் சொல் வழங்குகிறது.

முஸானின் ஓனிகளை அடிமைகள் என்றே சொல்லலாம். செபாஸ்டியன் செய்வதற்கு 'ஏவல்' என்ற சொல்தான் பொருந்தும். பில்லி, சூனியத்தோடு சேர்த்து நம்மூரில் சொல்லும் அதே ஏவல். ஏவியவனையே திரும்பி வந்து தாக்கும் என்று அதைப் பற்றி ஒரு நம்பிக்கையும் உண்டு.