நிற்க வைக்கிற மாத்திரை, படுத்தால் வம்பு

கத்திரி வெயிலில் என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் பலர் 'கிறுகிறுன்னு வருது சார்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். வேலூர் வெயிலுக்கு அது சகஜம், தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் குடித்தாலே அநேகம் பேருக்குச் சரியாகிவிடும்.

குடியாத்தத்துப் பெரியவர் விஷயம் வேறு. தறியில் லுங்கி நெய்து ஓய்ந்தவர், பல வருஷமாகப் பார்க்கின்சன் என்கிற நடுக்க நரம்பு நோய். கட்டிலை விட்டு எழுந்து வாசலுக்குப் போவதற்குள் இரண்டு முறை விழுந்திருக்கிறார். படுக்க வைத்துப் பிரஷர் பார்த்தேன், 150. நிற்க வைத்து மூன்றாவது நிமிடம் பார்த்தால் 95. நாடியோ நாலே நாலு துடிப்புதான் கூடியிருந்தது.

அந்த நாலுதான் துப்பு. நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கும், உடனே நரம்புகள் நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தைச் சுரந்து குழாய்களை இறுக்கி, இதயத்தையும் விரட்டும். உடம்பில் நீர் வற்றியவருக்கு நாடி ஓட்டமாய் ஓடும். பார்க்கின்சனிலோ நாள்பட்ட சர்க்கரையிலோ அந்த நரம்பே கெட்டிருந்தால் இதயத்துக்குச் சேதியே போகாது. எழுந்து நின்றதும் பிரஷரின் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினாலே கவனிக்க வேண்டும்.

மருமகள் கொண்டுவந்த மஞ்சப்பையைக் கொட்டினால் பழைய பிரஷர் மாத்திரை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது! முதலில் அதை நிறுத்தினேன். (ப்ராஸ்டேட்டுக்குத் தருகிற டாம்சுலோசினும் பிரஷரை இறக்கிவிடும்.) அப்புறம்தான் மிடோட்ரின்.

இது ரத்தக்குழாயை இறுக்கும் மருந்து. சில மணி நேரம்தான் வேலை செய்யும், தலையில் பேன் ஊர்கிற மாதிரி இருக்கும், மூத்திரம் அடைத்துக்கொள்கிறவர்களுக்கு ஆகாது. ஆனால் நான் சறுக்கியது வேறு இடத்தில். வழக்கம்போலச் சீட்டில் 1-1-1 என்று எழுதிவிட்டேன், மருந்துக்கடையில் கவரின் மேல் காலை, மதியம், இரவு என்று குறித்துக் கொடுத்தார்கள், அவரும் ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். தலைவலி என்று எழுந்தவருக்கு மருமகள் மெஷினில் பார்த்தால் 200. தப்பு என்னுடையதுதான். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார வைக்கச் சொல்லி, குறையும் வரை போனிலேயே இருந்தேன்.

இப்போது சீட்டில் மணி எழுதுகிறேன்: 7, 11, 3. கடைசி மாத்திரைக்கும் படுக்கைக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மதியத் தூக்கம் ஈஸி சேரில். இதே தொல்லைக்குத் தருகிற இன்னொரு மருந்தான ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும், ஆனால் பொட்டாசியம் குறையும், கால் வீங்கும், இதயம் பலவீனமானவர்களுக்குப் பயந்துதான் தருவேன். உடம்புக்குள் போய் நார்அட்ரினலினாகவே மாறுகிற ட்ராக்ஸிடோபாவை ஜப்பானில் 1989லிருந்தே தருகிறார்கள், அமெரிக்காவில் 2014ல்தான் அனுமதி. அதுவும் படுத்தால் பிரஷரை ஏற்றும்.

எண்ணை 120க்குக் கொண்டுவர நான் மெனக்கெடுவதில்லை. விழாமல் வாசலுக்குப் போய்வந்தால் போதும். பெரியவர் போன மாதம் வந்தபோது நிற்க வைத்துப் பார்த்த பிரஷர் 112, விழவில்லையாம். ராத்திரியில் பிரஷர் ஏறாமலிருக்கக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு இரண்டிரண்டு செங்கல் முட்டுக் கொடுக்கச் சொல்லியிருந்தேன். அதில் கோபம் பேரனுக்குத்தான், தாத்தா பக்கத்தில் படுத்தால் விடிவதற்குள் கால்மாட்டுக்குச் சறுக்கி வந்துவிடுகிறானாம்.