ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வெந்நீர் ஹீட்டரை மாற்றுவோருக்கு: சான்றிதழ்த் தள்ளுபடி எப்படிக் கிடைக்கிறது, எங்கே நழுவிப் போகிறது

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், வடக்கே டார்வினிலிருந்தும் தெற்கே அடிலெய்டிலிருந்தும் ஏறத்தாழ 1500 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில், சராசரியாக ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வெயில் அடிக்கிறது. அப்படியிருந்தும் அங்கே பல வீடுகளில் குளிக்கும் தண்ணீரை இன்னமும் மின்சாரம்தான் சூடாக்குகிறது. ஆஸ்திரேலிய வீடொன்று செலவழிக்கும் மொத்த எரிசக்தியில் ஏறத்தாழ கால் பங்கு வெந்நீருக்கே போகிறது என்பதால், பழைய மின்சாரத் தொட்டியை எடுத்துவிட்டு சோலார் வாட்டர் ஹீட்டரோ, காற்றின் வெப்பத்தைக் கொண்டு தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்போ பொருத்துவோருக்கு விலையில் ஒரு பகுதியைக் குறைத்துத் தரும் ஏற்பாடு மத்திய அரசின் சட்டத்திலேயே இருக்கிறது. வேலைக்காகவும் படிப்புக்காகவும் அந்த ஊருக்கு வந்து வீடு வாங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால், அந்த ஏற்பாட்டின் விதிகள் இங்கே விளக்கப்படுகின்றன.

2000-ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி (மின்சாரம்) சட்டத்தின்கீழ் தொடங்கிய திட்டம் 2011 ஜனவரி முதல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பெரிய காற்றாலைகளும் சூரிய மின் நிலையங்களும் ஒரு பிரிவில் அடங்க, வீட்டுக் கூரைச் சோலார், சோலார் வாட்டர் ஹீட்டர், ஹீட் பம்ப் ஆகியவை சிறு அளவு புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் திட்டம் என்ற மற்றொரு பிரிவில் சேர்க்கப்பட்டன. இரண்டையும் நிர்வகிப்பது கிளீன் எனர்ஜி ரெகுலேட்டர் என்ற மத்திய அமைப்பு. வருமான வரம்பு எதுவும் இல்லை. வீட்டில் பொருத்தப்படும் கருவிக்கு யார் உரிமையாளர் என்பதே கேள்வி.

இதை மானியம் என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் அரசுக் கருவூலத்திலிருந்து யாருடைய வங்கிக் கணக்குக்கும் பணம் வருவதில்லை. பொருத்தப்படும் கருவி எத்தனை மெகாவாட் மணி மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, ஒரு மெகாவாட் மணிக்கு ஒன்று என்ற அளவில் சான்றிதழ்கள் உருவாக்கப்படுகின்றன. இவற்றை எஸ்.டி.சி. என்றே கடைக்காரர்களும் பிளம்பர்களும் சொல்வார்கள். மின்சாரத்தை மொத்தமாக வாங்கி விற்கும் நிறுவனங்கள் ஒவ்வோர் ஆண்டும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இச்சான்றிதழ்களை ஒப்படைத்தாக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவதால், அவற்றுக்கு ஒரு சந்தை விலை உண்டாகிறது. அந்த விலைதான் வீட்டுக்காரரின் கைக்குத் தள்ளுபடியாக வந்து சேர்கிறது. அந்த நிறுவனங்கள் தங்கள் செலவை மின்கட்டணத்தில் ஏற்றிக்கொள்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹீட்டரை மாற்றாதவரும் இதற்குச் சிறிது கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஒரு கருவிக்கு எத்தனை சான்றிதழ் என்பது மூன்றைப் பொறுத்தது: எந்த மாடல், வீடு எந்த அஞ்சல் குறியீட்டில் இருக்கிறது, எந்த ஆண்டில் பொருத்தப்படுகிறது. வெயிலும் குளிரும் வேறுபடும் விதத்தில் நாடு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரே மாடலுக்கு மெல்பர்னில் ஓர் எண்ணும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வேறோர் எண்ணும் இருக்கலாம். மாடல்வாரியான எண்கள் ரெகுலேட்டர் வெளியிடும் பதிவேட்டில் இருக்கின்றன. சோலார் வாட்டர் ஹீட்டருக்கும் ஹீட் பம்புக்கும் மண்டலப் பிரிவு ஒன்றல்ல என்பதால், ஒன்றுக்கான அட்டவணையை வைத்து மற்றொன்றுக்குக் கணக்குப் போடக்கூடாது.

திட்டம் 2030 டிசம்பர் 31 அன்று முடிகிறது. கருவி பொருத்தப்படும் ஆண்டிலிருந்து 2030 வரை எத்தனை ஆண்டு இருக்கிறதோ அத்தனை ஆண்டுக்குரிய மிச்சம் மட்டுமே எண்ணப்படுவதால், ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் எண்ணிக்கை ஒரு படி இறங்குகிறது. எடுத்துக்காட்டாக, 2026-ல் 20 சான்றிதழ் பெறும் கருவிக்கு ஐந்து ஆண்டு எண்ணப்படுகிறது என்றால், அதே கருவியை 2027-ல் பொருத்தினால் ஏறத்தாழ 16-தான் கிடைக்கும். 2030-ல் 4 மட்டுமே. இங்கே கணக்கில் வருவது முன்பணம் கட்டிய நாளோ கடை ரசீதின் தேதியோ அல்ல. கருவி பொருத்தப்பட்டு வெந்நீர் தரத் தயாரான நாள். டிசம்பரில் பணம் கட்டி, சரக்கு லாரி தாமதமாகி, ஜனவரி பத்தாம் தேதி பிளம்பர் வந்தால் ஓர் ஆண்டுக்குரிய பங்கு போய்விடும். பெரும்பாலான சரக்கு தெற்கேயிருந்து நெடுந்தூரம் வரவேண்டிய ஊரில் இது வெறும் கற்பனையான ஆபத்தல்ல.

சான்றிதழைப் பணமாக்க இரண்டு வழிகள் உண்டு. வீட்டுக்காரர் தாமே ரெகுலேட்டரிடம் கணக்குத் திறந்து, சான்றிதழ்களைப் பதிந்து, கிளியரிங் ஹவுஸ் என்ற அரசின் விற்பனைத் தளத்தில் ஒன்றுக்கு ஜி.எஸ்.டி. நீங்கலாக 40 டாலர் என்ற நிலையான விலைக்கு விற்பனைக்கு வைக்கலாம். வாங்குபவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். அல்லது, சான்றிதழ் உருவாக்கும் உரிமையை ஒரு பதிவு பெற்ற முகவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடான தொகையை ஹீட்டரின் விலையிலிருந்தே கழித்துக்கொள்ளலாம். பெரும்பாலோர் இரண்டாவது வழியிலேயே போகிறார்கள், ஏனெனில் அலைச்சல் இல்லை. முகவர் ஒன்றுக்கு 36 டாலர் தருகிறார் என்று வைத்துக்கொண்டால் 20 சான்றிதழுக்கு 720 டாலர் குறையும். கிளியரிங் ஹவுஸில் அதே 20-க்கு 800 டாலர். இந்த 80 டாலர் வித்தியாசத்துக்காகப் படிவங்களோடு மல்லுக்கட்டுவது பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம். ஆனால் முகவர் தரும் விலை அதைவிட மிகவும் இறங்கியிருந்தால் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

கேட்பதற்கு விலைப்புள்ளி தெளிவாக இருக்க வேண்டும். நல்ல விலைப்புள்ளியில் கருவியின் விலை, பொருத்தும் கூலி, பழைய தொட்டியை அகற்றும் செலவு, சரக்குக் கட்டணம் எல்லாம் தனித்தனி வரிகளாக இருக்கும். அவற்றுக்குக் கீழே எத்தனை எஸ்.டி.சி., ஒன்றுக்கு என்ன விலை, கழிக்கப்படும் தொகை எவ்வளவு என்பவை வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். “எல்லாத் தள்ளுபடியும் போக இவ்வளவு” என்று ஒரே எண்ணை நீட்டுபவரிடம் அந்த மூன்று விவரங்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பதிவேட்டில் 20 என்று இருக்க, விலைப்புள்ளி 16-க்குத்தான் கழிக்கிறது என்றால் மீதி நான்கு யாரிடம் போகிறது என்று அப்போதுதான் தெரியும்.

நிபந்தனைகளில் முதன்மையானது, கருவி புதியதாகவும் முழுத் தொகுதியாகவும் இருக்க வேண்டும் என்பது. கூரையில் இருக்கும் தகடுகளை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டையான தொட்டியை மட்டும் மாற்றினால் சான்றிதழ் கிடையாது. இன்னொரு வீட்டிலிருந்து கழற்றிய கருவிக்கும் கிடையாது. மாடலின் பெயரும் எண்ணும், பொருத்தும் நாளில் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். ஒரே பெயரில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் வேறுபடும் மாடல்கள் பல உண்டு என்பதால் தொட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்துச் சரிபார்ப்பது நல்லது. ஹீட் பம்பாக இருந்தால் தொட்டியின் கொள்ளளவு 425 லிட்டரைத் தாண்டக்கூடாது. உரிமம் பெற்ற பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் வேலையைச் செய்து அதற்குரிய சான்றுகளைத் தர வேண்டும். பொருத்திய நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் சான்றிதழ் உருவாக்கப்படாவிட்டால் உரிமை போய்விடும்.

சாதாரண மின்சாரத் தொட்டிக்கு, அது எவ்வளவு புதியதாக இருந்தாலும், இத்திட்டத்தில் இடமில்லை. கூரையில் ஏற்கெனவே சோலார் மின் தகடுகள் வைத்திருப்போர், தொட்டிக்கு ஒரு டைமர் போட்டு நண்பகலில் மட்டும் சூடாக்குவதும் சிக்கனமான வழிதான். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அடங்கிய வட ஆட்புலத்தில் (நார்தர்ன் டெரிட்டரி) 2020 ஏப்ரலுக்குப் பிறகு சோலார் இணைப்புப் பெற்றவர்களுக்கு, பொது மின்கட்டமைப்புக்குத் திருப்பி அனுப்பும் மின்சாரத்தின் விலை வாங்கும் விலையைவிடக் குறைவு என்பதால், அனுப்புவதைவிட வீட்டிலேயே செலவழிப்பது லாபம். எஸ்.டி.சி. கிடைக்காது என்பதற்காக இந்த வழியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. டைமரின் செலவையும் புதுக் கருவியின் செலவையும் எதிரெதிரே எழுதிப் பார்த்தபின் முடிவு செய்யலாம்.

எந்தக் கருவி என்பதில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸின் தட்பவெப்பம் குறுக்கே வருகிறது. கோடையில் குளிர்நீர்க் குழாயைத் திறந்தாலே சுடுநீர் வரும் ஊர் அது. ஆனால் ஜூலை மாத இரவில் சராசரி வெப்பம் 4 டிகிரி அளவுக்கு இறங்கும். 1976 ஜூலையில் மைனஸ் 7.5 டிகிரி வரை போயிருக்கிறது. பாலைவனம்தானே என்று உறைபனிப் பாதுகாப்பு இல்லாத மலிவுக் கருவியைக் கூரையில் ஏற்றினால், தகட்டுக்குள் இருக்கும் தண்ணீர் ஒரே இரவில் உறைந்து குழாயை வெடிக்கச் செய்யலாம். தகடுகளுக்குள் உறையாத திரவம் தனிச் சுற்றாக ஓடும் மாடல்களில் இந்தக் கவலை இல்லை. தகடுகள் வடக்கு நோக்கி இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தென் அரைக்கோளத்தில் சூரியன் வடபக்கமாகவே செல்கிறது. முந்நூறு லிட்டர் தொட்டி தண்ணீரோடு முந்நூறு கிலோவைத் தாண்டும் என்பதால் பழைய வீடுகளில் கூரையின் தாங்குதிறனைப் பார்த்த பிறகே தொட்டியை மேலே வைக்கலாமா, தரையில் வைக்கலாமா என்று தீர்மானிக்க வேண்டும்.

ஊர்த் தண்ணீர் நிலத்தடியிலிருந்து வருவது. சுண்ணாம்பு மிகுந்த கடினநீர். பாதுகாப்பு வால்வின் வாயில் வெள்ளையாகப் படிந்து நிற்கும் உப்பைப் பார்த்தாலே தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று புரியும். வால்வையும், தொட்டி துருப்பிடிக்காமல் தன்னைக் கரைத்துக்கொள்ளும் ஆனோடு கம்பியையும் உற்பத்தியாளர் சொல்லும் கால இடைவெளியில் பார்க்காவிட்டால், உத்தரவாதம் இருந்தும் பயனில்லாமல் போகலாம்.

தள்ளுபடியைப் பற்றி இவ்வளவு பேசினாலும், மின்கட்டணத்தைத் தீர்மானிப்பது மின்பலகையில் இருக்கும் பூஸ்டர் சுவிட்சுதான். சோலார் வாட்டர் ஹீட்டருக்குள் மேகமூட்டமான நாளுக்காகத் தண்ணீரைச் சூடாக்கும் ஒரு மின்கம்பி உண்டு; அதுதான் பூஸ்டர். அதை எப்போதும் போட்டே வைத்திருந்தால், இரவில் குளித்து முடித்த உடனேயே அது தொட்டி முழுவதையும் சூடாக்கிவிடும். மறுநாள் சூரியனுக்குச் செய்வதற்கு வேலை மிஞ்சாது. இப்படி ஓடும் வீட்டில் சான்றிதழ்க் கணக்கு சொன்ன மிச்சம் தாளோடு நின்றுவிடுகிறது. அந்த ஊர் வெயிலில் ஆண்டின் பெரும்பகுதிக்கு பூஸ்டரே தேவைப்படாது. ஒருமுறை அழுத்தினால் ஒரே ஒரு தடவை சூடாக்கிவிட்டுத் தானாக அணையும் சுவிட்சோ, மாலையில் சில மணி நேரம் மட்டும் இயங்கும் டைமரோ வைத்துக்கொண்டால் மறதியால் வரும் செலவு நின்றுவிடும். கருவி பொருத்தும் நாளன்றே எலக்ட்ரீஷியனிடம் இதைச் சொல்லிவிட்டால், அதற்காக இன்னொரு முறை அவரை வரவழைக்கும் கூலி மிச்சம்.

அதே வேளையில் பூஸ்டரை அணைத்துவிட்டு மறந்துபோவதும் தவறு. வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லீஜியனெல்லா என்ற நுரையீரல் தொற்றுக் கிருமி வளரும் என்பதால், தொட்டி நீரை 60 டிகிரிக்குக் குறையாமல் வைக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலியத் தரவிதி. கோடையில் சூரியனே அதற்கு மேல் கொண்டுபோய்விடும். மழையோ குளிரோ சில நாள் தொடர்ந்தால் ஒருமுறை பூஸ்டரைப் போட்டு அந்த அளவை எட்டச் செய்ய வேண்டும். மறுபுறம், குளியலறைக் குழாயில் வரும் நீர் 50 டிகிரியைத் தாண்டக்கூடாது. அதற்காகக் குளிர்நீரைக் கலந்துவிடும் டெம்பரிங் வால்வைப் பொருத்த வேண்டும். சோலார் தொட்டியின் நீர் சில நாள் கொதிநிலைக்கு அருகே போகும் என்பதால், அதற்கென்றே செய்த வால்வா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹீட் பம்புக்குக் கூரையில் இடம் வேண்டாம். காற்றிலிருக்கும் வெப்பத்தை இழுத்து, சாதாரண மின்சாரத் தொட்டி எடுப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்திலேயே வேலையை முடிக்கும். நிழல் விழும் வீடுகளுக்கும், கூரை முழுவதும் மின் தகடுகளால் நிரம்பிய வீடுகளுக்கும் இதுவே பொருந்தும். பகல் வெப்பத்தில் ஓடினால் திறன் கூடும். உறைபனி இரவில் குறையும். ஆகவே இதையும் டைமரில் பகலுக்கு வைப்பதே சரி. மின்விசிறியின் இரைச்சல் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே போகாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்போர் தாமாகக் கருவியை மாற்ற முடியாது. சான்றிதழ் உரிமையும் வீட்டு உரிமையாளருக்கே. ஆனால் கட்டணத்தைக் கட்டுவது வாடகைதாரர் என்பதால், பழைய தொட்டி கசியத் தொடங்கும்போதே எழுத்தில் தெரிவித்து, எஸ்.டி.சி. கழித்த விலைப்புள்ளி ஒன்றையும் கூடவே அனுப்பினால் உரிமையாளர் யோசிக்க வாய்ப்புண்டு.

சொந்த வீட்டுக்காரருக்கும் இதே நேரம்தான் முக்கியம். தொட்டி வெடித்து வீட்டில் வெந்நீர் இல்லாத நிலையில், அன்றைக்குக் கடையில் இருப்பதையே வாங்க நேரும். அது பெரும்பாலும் இன்னொரு மின்சாரத் தொட்டியாகத்தான் இருக்கும், அடுத்த பத்து ஆண்டுக்கு அதுவே வீட்டில் நிற்கும். தொட்டிக்குப் பத்து வயது நெருங்கிவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்கி, மாடலைப் பதிவேட்டில் பார்த்து, பழுதென்றால் உள்ளூரிலேயே யார் வந்து பார்ப்பார் என்றும் கேட்டு வைத்துவிட வேண்டும். பொருத்தும் தேதியை நவம்பருக்குள் முடித்துக்கொண்டால், சரக்கு இரண்டு வாரம் தாமதித்தாலும் அந்த ஆண்டின் எண்ணிக்கை கைவிட்டுப் போகாது.